மகளிர் குழு, வங்கி, தொண்டு நிறுவனம், அரசு: கிராம வறுமை ஒழிப்பில் யாருக்கு என்ன வேலை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகளிர் சுய உதவிக் குழு இல்லாத கிராமத்தைத் தமிழ்நாட்டில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் அந்தக் குழுவுக்குப் பின்னால் ஓர் அரசு நிறுவனம், ஒரு வங்கி, ஒரு தொண்டு நிறுவனம், சில நேரம் ஒரு பன்னாட்டு நிதி அமைப்பு என்று பலர் நிற்கிறார்கள். இவர்கள் ஏன் சேர்ந்தார்கள், யார் எதைச் செய்கிறார்கள், எங்கே இடிக்கிறது என்று குழு உறுப்பினர்களும் புதிதாக வேலைக்கு வந்த களப்பணியாளர்களும் மாணவர்களும் கேட்கிற கேள்விகள் இவை.

வறுமையை ஒழிக்க அரசு ஒன்றே போதாதா? எதற்கு இத்தனை பேர்?

அரசு தனியாகச் செய்துபார்த்த காலம் ஒன்று உண்டு. ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம், அதாவது பழைய ஆட்கள் ஐ.ஆர்.டி.பி. என்று சொல்வது, 1980 அக்டோபர் 2 முதல் நாட்டின் எல்லா ஒன்றியங்களுக்கும் வந்தது. கறவை மாடு, ஆடு, தையல் மெஷின், மாட்டுவண்டி என்று ஏதாவது ஒன்றை ஏழைக் குடும்பத்துக்கு வாங்கித் தருவது திட்டம். ஒரு பகுதி மானியம், மீதி வங்கிக் கடன் என்கிற மாதிரி. பயனாளிப் பட்டியல் ஒன்றிய அலுவலகத்தில் தயாராகும், இத்தனை பேருக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று வங்கிக்கு இலக்கு போகும்.

மாடு வந்த பிறகு தீவனம் எங்கே, பாலை யார் வாங்குவார்கள், மாடு படுத்துவிட்டால் டாக்டர் எங்கே என்று கேட்க ஆளில்லை. பலர் மாட்டை விற்றுக் கடனை அடைத்தார்கள், பலர் மாட்டை விற்றும் கடனை அடைக்கவில்லை. ஒரே மாடு இரண்டு மூன்று பயனாளிகள் பெயரில் கணக்குக்கு வந்துபோன கதைகள் அந்தக் காலத்து வங்கி ஊழியர்களிடம் நிறைய உண்டு. கடைசியில் வங்கிகள் கற்றுக்கொண்ட பாடம் ஏழைக்குக் கொடுத்தால் பணம் திரும்ப வராது என்பது. இது ரொம்பத் தப்பான பாடம். அதைத் துடைக்கவே அடுத்த பத்து ஆண்டுகள் ஆயின.

1999 ஏப்ரலில் அந்தத் திட்டத்தை மூடிவிட்டு, குழுக்களை மையமாக வைத்த சுவர்ண ஜெயந்தி கிராம சுயவேலைவாய்ப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 2011இல் அதுவும் மாறி, தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் ஆனது. ஒவ்வொரு மாற்றத்திலும் அரசு, தான் மட்டும் செய்ய முடியாத ஒரு வேலையை வேறொருவரிடம் கொடுக்கப் பழகியது என்று சொல்லலாம்.

தமிழ்நாட்டில் இது எங்கே ஆரம்பித்தது?

தருமபுரியில். 1989இல். அப்போது கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டத்துக்குள்தான் இருந்தது, 2004இல்தான் பிரிந்தது. வானம் பார்த்த பூமி, ஆண்டுக்கு ஆண்டு வறட்சி, பெண் சிசுக்கொலைச் செய்திகள் என்று மாநிலத்தின் மிகப் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்றாக இருந்தது அது. ஐ.நா. குடும்பத்தைச் சேர்ந்த ஐஃபாட் என்கிற வேளாண் வளர்ச்சி நிதியம் கடன் கொடுத்தது. 1983இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் பொறுப்பெடுத்தது. ஊர் ஊராகப் போய்க் குழு அமைக்கும் வேலை தொண்டு நிறுவனங்களுக்கு. கடன் கொடுக்க இந்தியன் வங்கி.

இந்த நால்வர் கூட்டணிதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் மாதிரி. தருமபுரியிலிருந்து சேலம், தென்னார்க்காடு, மதுரை, ராமநாதபுரம் என்று விரிந்தது. 1997-98இல் மாநில அரசு தன் சொந்தப் பணத்தில் 'மகளிர் திட்டம்' என்ற பெயரில் அதை மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோனது.

குழு என்ற யோசனையே தருமபுரியில் பிறந்ததில்லை. கர்நாடகத்தில் மைராடா என்ற தொண்டு நிறுவனம் 1980களின் நடுவிலேயே இப்படிச் சிறு குழுக்களோடு வேலை செய்துகொண்டிருந்தது. 1968இல் திபெத்திய அகதிகளைக் குடியமர்த்தும் வேலைக்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. பெரிய கூட்டுறவுச் சங்கங்களில் ஒத்துவராமல் பிரிந்த சிறு கூட்டங்கள் தங்களுக்குள் ஒழுங்காகக் கொடுக்கல் வாங்கல் செய்வதை அவர்கள் கவனித்தார்கள். ஒருவரை ஒருவர் நம்புகிற பதினைந்து பேர் போதும் என்ற முடிவு அங்கிருந்து வந்ததுதான். தருமபுரித் திட்டத்திலும் மைராடா இருந்தது.

நபார்டு வங்கிக்கு இதில் என்ன பங்கு?

நபார்டு என்பது வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கி. அதற்குப் பெரிய பங்கு, ஆனால் வெளியே தெரியாத பங்கு. 1987இல் மைராடாவின் குழுக்களை வைத்து ஆராய்ந்து பார்க்க நபார்டு 10 லட்சம் ரூபாய் கொடுத்தது. 1992இல் 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனை முயற்சியைத் தொடங்கியது.

அதற்கு முந்தைய ஆண்டே ரிசர்வ் வங்கி, இந்த முயற்சியில் சேரச் சொல்லி வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. பதிவு செய்யப்படாத, சட்டப்படி தனக்கென்று உருவமே இல்லாத ஒரு பெண்கள் கூட்டத்தின் பெயரில் சேமிப்புக் கணக்கு திறக்கலாம், அடமானம் இல்லாமல் கடனும் கொடுக்கலாம் என்பது அன்றைய வங்கி மேலாளருக்கு நம்ப முடியாத விஷயம். 1996இல் குழுக் கடன், வங்கிகள் கட்டாயம் ஓர் அளவுக்குக் கொடுத்தாக வேண்டிய முன்னுரிமைக் கடன் கணக்கில் சேர்ந்தது. அதற்குப் பிறகு மேலாளர்கள் பயப்படவில்லை, சில இடங்களில் குழுக்களைத் தேடியே வந்தார்கள்.

கிராம வளர்ச்சி என்றால் நிதி ஒதுக்கீட்டைப் பற்றியே பேசுகிறோம். ஒரு சுற்றறிக்கை சில நேரம் ஒரு பெரிய ஒதுக்கீட்டைவிட அதிகம் செய்யும். அந்தச் சுற்றறிக்கைக்கு முன்னால் கிராமத்தில் செய்துகாட்ட ஒருவர் வேண்டும், அது மைராடா போன்றவர்களின் வேலை. அதை விதியாக்க ஒருவர் வேண்டும், அது நபார்டும் ரிசர்வ் வங்கியும் செய்த வேலை.

ஒரு குழு நடைமுறையில் எப்படி ஓடுகிறது?

பொதுவாக 12 முதல் 20 பேர். 20க்கு மேல் போனால் பதிவு செய்ய வேண்டும் என்று பழைய கம்பெனிச் சட்டத்தில் இருந்தது, அதனால் வந்தது அந்த வரம்பு. குழுவை வழிநடத்தும் ஓர் ஊக்குநர், ஒன்றிரண்டு பிரதிநிதிகள். வாரமோ மாதமோ கூட்டம், சேமிப்பு, சேமிப்பிலிருந்து உறுப்பினர்களுக்கே கொடுக்கும் உள்கடன், தவணை வசூல், கணக்கு எழுதுவது. இந்த ஐந்தையும்தான் பஞ்ச சூத்திரம் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுப்பார்கள்.

கணக்கு போட்டுப் பார்த்தால் எளிது. 15 பேர் மாதம் 100 ரூபாய் போட்டால் மாதம் 1,500, ஆண்டுக்கு 18,000. இந்தப் பணம் சும்மா இருக்காது. ஒருவர் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு 2,000 எடுப்பார், இன்னொருவர் ஆஸ்பத்திரிச் செலவுக்கு 3,000 எடுப்பார். நூற்றுக்கு ரெண்டு ரூபாய் வட்டி என்று வைத்தால் ஆண்டுக்கு 24 சதவீதம். வங்கியைவிட அதிகம்தானே என்று கேட்பீர்கள். அதிகம்தான். ஆனால் அந்த வட்டி ஊர்ப் பெரிய மனிதருக்குப் போகவில்லை, அதே 15 பேரின் பொதுப் பணத்தில் சேர்கிறது. அதே ஊரில் கந்து வட்டிக்காரர் நூற்றுக்குப் பத்து என்று வாங்கிக்கொண்டிருப்பார்.

ஆறு மாதம் ஒழுங்காக நடந்தால் தர மதிப்பீடு செய்வார்கள். தேறினால் அரசின் சுழல் நிதி, அதாவது குழுவுக்குள் கடனாகச் சுற்றிவர அரசு கொடுக்கும் தொகை, அப்புறம் வங்கிக் கடன் இணைப்பு. ஆரம்ப காலத்தில் சேமிப்பைப் போல ஒரு மடங்கிலிருந்து நான்கு மடங்கு வரை கடன் என்பது வழக்கம். பிறகு வரம்புகள் உயர்ந்தன.

எங்கள் குழுவிடம் வங்கியில் அடமானம் கேட்கிறார்கள். சரியா?

இல்லை. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் வரும் குழுக்களுக்கு 10 லட்சம் வரை அடமானமும் கேட்கக் கூடாது, விளிம்புத் தொகையும் (குழு தன் பங்காகக் கையிலிருந்து போட வேண்டிய பணம்) கேட்கக் கூடாது. 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதை விரிவாக்கி, 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையான கடனுக்கும் அடமானம் கேட்கக் கூடாது என்றது. குழுவின் சேமிப்புக் கணக்கைப் பூட்டி வைப்பதும் கூடாது. சேமிப்பை எடுக்க விடாமல் கடனுக்கு ஈடாகப் பிடித்து வைப்பது சில கிளைகளில் இன்னும் நடக்கிறது. எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் எழுத்தில் கேட்டதுமே பதில் மாறிவிடும்.

வட்டி மானியமும் உண்டு. அதன் அளவு அவ்வப்போது மாறும், அந்த ஆண்டுக்கான விகிதத்தைக் கிளையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கூட்டமைப்பு எதற்கு? குழு போதாதா?

பதினைந்து பேர் கொண்ட குழு கடன் கொடுக்கும், வாங்கும். கலெக்டரிடம் போய் நிற்கவோ, மொத்தமாக உரம் வாங்கவோ, ஓர் உறுப்பினரின் கணவர் இறந்துவிட்டால் காப்பீட்டுப் பணம் வாங்கித் தரவோ அது மட்டும் போதாது. அதற்குத்தான் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு. மக்கள் பி.எல்.எஃப். என்பார்கள். அதற்கு மேல் வட்டார அளவிலும் உண்டு.

இதை அரசுக்கு முன்பே ஒழுங்காகச் செய்துகாட்டியது மதுரையின் களஞ்சியம் இயக்கம். பிரதான் என்ற நிறுவனத்தின் முயற்சியாக 1990இல் மதுரை மாவட்டத்தில் தொடங்கி, 1997இல் உருவான தானம் அறக்கட்டளையின் கீழ் வளர்ந்தது. அதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று: குழுவின் கணக்கை எழுதுகிறவருக்குச் சம்பளம் கொடுப்பது அந்தப் பெண்களே. சின்ன விஷயம் மாதிரி தெரியும். சம்பளம் யார் கொடுக்கிறார்களோ அவர்களுக்குத்தான் ஊழியர் பதில் சொல்வார். திட்டப் பணத்தில் சம்பளம் வாங்கும் கணக்காளர் திட்டம் முடிந்த மறுநாள் வரமாட்டார். பெண்கள் சம்பளம் கொடுக்கும் கணக்காளர் வருவார்.

மதுரை பக்கம் பில்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை அம்மாவைப் பலருக்குத் தெரிந்திருக்கும். விவசாயக் கூலி வேலைக்கு ஆள் சேர்த்து அழைத்துப்போனவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், களஞ்சியத்தில் தலைவியாக வளர்ந்தார். 2001இல் டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது கொடுக்கும்போது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தப் படத்தை எல்லாரும் போடுகிறார்கள். அதைவிட முக்கியமாக, கூலி பேசத் தெரிந்த ஒருவர் கூட்டமைப்பை நடத்தவும் தெரிந்தவராக இருப்பார் என்று நம்பி ஒரு நிறுவனம் பொறுப்பைக் கொடுத்தது. படித்தவர்களைத்தான் ஊக்குநராக்க வேண்டும் என்று இன்றும் சில இடங்களில் வற்புறுத்துகிறார்கள்.

உண்மையான ஏழை யார் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

முன்பெல்லாம் வறுமைக் கோட்டுப் பட்டியல். அதில் டிராக்டர் வைத்திருப்பவர் பெயர் இருக்கும், ஊர்க் கோடியில் குடிசையில் இருக்கும் கைம்பெண்ணின் பெயர் இருக்காது.

இதை மாற்றிக் காட்டியது உலக வங்கிக் கடனுதவியோடு 2005-06இல் தொடங்கிய வாழ்ந்து காட்டுவோம் திட்டம். ஊர் மக்களையே உட்காரவைத்து, தெரு தெருவாக வரைபடம் போட்டு, மிக ஏழை, ஏழை, நடுத்தரம், வசதி என்று வீடுகளைப் பிரிக்கச் சொன்னார்கள். அந்தப் பட்டியலைக் கிராம சபையில் வாசித்து ஒப்புதல் வாங்க வேண்டும். அப்புறம் கிராம வறுமை ஒழிப்புச் சங்கம் என்று ஓர் அமைப்பு. திட்டப் பணம் நேராக அதன் கணக்குக்கே போகும். ஒழுங்காகச் செலவானதா என்று பார்க்க ஊரிலேயே ஒரு சமூகத் தணிக்கைக் குழு.

இதில் சண்டை வராமல் இருக்குமா? வந்தது. என் பெயரை ஏன் நடுத்தரத்தில் போட்டாய் என்று கூட்டத்திலேயே கேட்டார்கள். அது நல்லதுதான். அலுவலகத்தில் தயாரான பட்டியலோடு சண்டை போட யாருக்கும் வழியே இல்லையே.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். அந்தத் திட்டத்தின் பெயர் இடையில் புதுவாழ்வுத் திட்டம் என்று மாறியது. பிறகு 2017இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய ஊரகப் புத்தாக்கத் திட்டத்துக்கு 2021க்குப் பின் வாழ்ந்து காட்டுவோம் என்ற பழைய பெயர் வந்தது. ஆட்சி மாறினால் பலகையும் மாறும். எந்த வாழ்ந்து காட்டுவோம் என்று ஆண்டைச் சேர்த்துக் கேட்டால்தான் அதிகாரிகளுக்கே புரியும்.

வாரா வாரம் பணம் கட்டுகிற குழுவும் மகளிர் குழுதானே?

இல்லவே இல்லை. இந்தப் பக்கத்தில் மற்றதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

வாரத் தவணை வசூலிக்க பைக்கில் ஆள் வரும் குழு, பெரும்பாலும் தனியார் மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனம் கடன் கொடுப்பதற்காகவே சேர்த்த கூட்டம். அதில் பொதுச் சேமிப்பு கிடையாது, தீர்மான நோட்டு கிடையாது, வட்டி உங்களிடம் திரும்பி வராது. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பது மட்டும் உண்டு. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால், மகளிர் குழு சம்பாதித்துவைத்த நல்ல பெயர் இவர்களுக்கும் பயன்பட்டது.

2010இல் ஆந்திராவில் இது வெடித்தது. ஒரே பெண்ணுக்கு நான்கைந்து நிறுவனங்கள் கடன் கொடுத்து, வசூல் நெருக்கடி தாங்காமல் தற்கொலைச் செய்திகள் வர, அந்த ஆண்டு அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ரிசர்வ் வங்கி அதற்குப் பிறகுதான் இந்த நிறுவனங்களுக்குத் தனி விதிகள் வகுத்தது. 2022இல் வந்த புதிய விதிப்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளையும் சேர்த்தால் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தமிழ்நாட்டில் 2003இலேயே கந்து வட்டித் தடைச் சட்டம் இருந்தது. வலுக்கட்டாய வசூலுக்கு எதிராக 2025இல் இன்னொரு சட்டம் வந்தது.

மகளிர் குழுவில் வாங்கிய கடனைக் கட்ட வாரக் குழுவில் வாங்குவது, அதைக் கட்ட இன்னொன்றில் வாங்குவது என்று போகும் வீடுகளை எல்லாக் களப்பணியாளரும் அறிவார்கள். குழுவில் கடன் கொடுக்கும் முன், வேறு எங்கெங்கே கட்ட வேண்டியிருக்கிறது என்று கேட்டுத் தீர்மானத்தில் எழுதுங்கள். சங்கடமான கேள்விதான். கேட்காமல் விட்டால் பிறகு வரும் சங்கடம் பெரிது.

குழு என்றால் கடன் மட்டும்தானா?

அப்படி ஆகிவிட்டது என்பதுதான் என் வருத்தம். புதுக்கோட்டையை நினைத்துப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், தொண்டர்களாக வேலை செய்த பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளில் ஊருக்குள் போய்வர ஆரம்பித்தார்கள். கல்குவாரியில் கூலிக்குக் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்களின் குழுக்களுக்குக் குவாரியையே குத்தகைக்குக் கொடுத்தது மாவட்ட நிர்வாகம். ஒப்பந்தக்காரர்கள் சும்மா இருக்கவில்லை, அதிகாரிகள் பக்கத்தில் நின்றதால்தான் அது நடந்தது.

எழுத்தறிவு இயக்கம் தன்னம்பிக்கை கொடுத்தது, நிர்வாகம் குத்தகை கொடுத்தது, வங்கி கடன் கொடுத்தது. கடன் மட்டும் கொடுத்திருந்தால் அந்தப் பெண்கள் கடன் வாங்கிய கூலிகளாகவே இருந்திருப்பார்கள்.

தொண்டு நிறுவனங்கள் இப்போது எங்கே?

ஓரத்துக்குப் போய்விட்டன. ஆரம்பத்தில் ஒரு குழுவை உருவாக்க அவர்களுடைய பணியாளர் மாதக்கணக்கில் ஊருக்கு நடப்பார். முதல் கூட்டத்துக்கு நான்கு பேர் வருவார்கள், அடுத்ததற்கு இரண்டு பேர். மாமியார் விட மாட்டார், கணவர் கத்துவார், மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒரே பாயில் உட்காராது. இதையெல்லாம் பேசிப் பேசிச் சரிசெய்வதற்கு அரசு கொடுத்த தொகை குழுவுக்கு இவ்வளவு என்று மிகக் குறைவு. அதுவும் தாமதமாக வரும்.

திட்டங்கள் பெரிதானதும் இலக்கு வந்தது. இந்த மாதத்துக்குள் இத்தனை குழு என்றார்கள். இலக்குக்காக அமைத்த குழுக்கள் கடன் வாங்கிப் பிரித்துக்கொண்டு கலைந்தன. 2012இல் தமிழ்நாடு மாநில ஊரக வாழ்வாதார இயக்கம் வந்த பிறகு, அனுபவம் உள்ள குழுப் பெண்களையே சமுதாய வளப் பயிற்றுநர்களாக மாற்றி அனுப்புகிறார்கள். ஒரு வகையில் இது நல்ல மாற்றம், குழுப் பெண்ணே குழுப் பெண்ணுக்குச் சொன்னால் ஏறும். ஆனால் அதிகாரியிடம் "இது சரியில்லை சார்" என்று சொல்லக்கூடிய வெளி ஆள் ஒருவர் கூட்டணியில் குறைந்துபோனார். அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

எல்லாம் சரி, வறுமை குறைந்ததா?

குறைந்தது, ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் திட்டப் பகுதிகளை ஒன்பது மாநிலங்களில் ஆராய்ந்து 2020இல் வெளியான மதிப்பீடு, குடும்ப வருமானம் 19 சதவீதமும் சேமிப்பு 28 சதவீதமும் உயர்ந்ததாகவும், கந்து வட்டிக்காரர் போன்ற முறைசாரா இடங்களில் வாங்கும் கடனின் பங்கு 20 சதவீதம் குறைந்ததாகவும் சொன்னது. கந்து வட்டி குறைவதுதான் எல்லா ஆய்வுகளிலும் முதலில் கண்ணில் படும் பலன். வருமானம் மெதுவாகத்தான் ஏறும், அதுவும் குழுவுக்கு வயது ஏற ஏற.

தமிழ்நாட்டுக் கிராம சபைகளின் பேச்சுகளையே பதிவு செய்து ஆராய்ந்த இன்னொரு ஆய்வு சுவாரசியமானது. புதுவாழ்வுத் திட்டம் நடந்த ஊர்களில் பெண்கள் அதிகம் வந்தார்கள், அதிகம் பேசினார்கள், நீண்ட நேரம் பேசினார்கள். ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்களுக்குக் கூடுதலாகச் செவி சாய்த்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பேச வைப்பதற்குத் திட்டம் இருக்கிறது, கேட்க வைப்பதற்கு இல்லை.

மிக மிக ஏழைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதம் 100 ரூபாய் சேமிக்கவே முடியாத வீடு எந்தக் குழுவிலும் இருக்காது. "அவ கட்டமாட்டா" என்று குழுவே சேர்க்காது. பிழைப்புக்கு வெளியூர் போய்வரும் குடும்பங்கள், மாற்றுத்திறனாளிகள், தனித்து வாழும் முதியவர்கள் இப்படி விடுபடுவார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிக் குழுக்கள் வந்தது இதனால்தான்.

கேரளாவின் குடும்பஸ்ரீயோடு என்ன வித்தியாசம்?

குடும்பஸ்ரீ கேரள அரசின் மகளிர் குழுத் திட்டம். அங்கே ஊராட்சிதான் மையம். ஆலப்புழாவிலும் மலப்புறத்திலும் யுனிசெஃப் ஆதரவோடு நடந்த முயற்சிகளிலிருந்து வளர்ந்து, 1998இல் மாநிலம் முழுக்க வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் சேரும் அயல்கூட்டம், வார்டு அளவில் ஓர் அமைப்பு, உள்ளாட்சி அளவில் ஓர் அமைப்பு என்று மூன்று அடுக்கு. உள்ளாட்சியின் திட்டமும் பெண்களின் திட்டமும் ஒன்றோடு ஒன்று பிணைந்திருக்கும்.

நம் ஊரில் குழுக்கள் கலெக்டர் அலுவலகத்தைப் பார்த்தே வளர்ந்தன. ஊராட்சித் தலைவருக்கும் கூட்டமைப்புத் தலைவிக்கும் பேச்சுவார்த்தையே இல்லாத ஊர்கள் உண்டு. கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. குழுப் பெண்கள் தயாரிக்கும் வறுமை ஒழிப்புத் திட்டத்தை ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று விதியும் இருக்கிறது. சேர்ந்ததா என்று அடுத்த கிராம சபையில் தீர்மான நகலைக் கேட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

கடன் தள்ளுபடி வரும் என்கிறார்கள். கட்டாமல் காத்திருக்கலாமா?

வேண்டாம். 2021இல் கூட்டுறவு வங்கிகளில் இருந்த குழுக் கடன் சுமார் 2,700 கோடி தள்ளுபடி ஆனது உண்மை. நிலுவை வைத்திருந்தவர்களுக்கு லாபம், ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு ஏமாற்றம். வணிக வங்கியில் கடன் வாங்கியவர்களுக்கு அதிலும் பங்கில்லை. தேர்தலுக்குத் தேர்தல் இந்தப் பேச்சு எழும்போது வங்கிக்காரர் மறுபடியும் பழைய ஐ.ஆர்.டி.பி. முகத்தோடு உட்கார்ந்திருப்பார். குழுவின் பெயர் கெட்டால் அடுத்த கடன் நிற்கும், அதைத் தள்ளுபடி ஈடுசெய்யாது.

எங்களை எல்லாக் கூட்டத்துக்கும் கூப்பிடுகிறார்கள். வரமாட்டோம் என்று சொல்லலாமா?

தாராளமாக. குழுக்கள் வலுவானதும் எல்லாத் துறைகளும் அவர்களைத் தேடி வந்தன. கணக்கெடுப்பா, விழிப்புணர்வுப் பேரணியா, மேடைக்கு முன்னால் கூட்டம் வேண்டுமா, மகளிர் குழுவைக் கூப்பிடு என்று ஆயிற்று. சில வேலைகள் நல்லவை, சம்பளமும் உண்டு. 2022இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர்கள் குழுப் பெண்கள்தான். கூலியும் இல்லாமல், குழுவுக்கு ஒரு பயனும் இல்லாமல் ஒரு நாள் வேலையைக் கெடுக்கும் அழைப்புக்குப் போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. போகாவிட்டால் கடன் கிடைக்காது என்று யாராவது சொன்னால், அதைத் தீர்மான நோட்டில் பெயரோடு எழுதிவைத்து மாவட்ட மகளிர் திட்ட அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.

ஆண்களுக்குக் குழு கிடையாதா?

உண்டு. விவசாயிகளுக்கு, ஒருவர் கடனுக்கு மற்றவரும் பொறுப்பேற்கும் கூட்டுப் பொறுப்புக் குழுக்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் இருக்கின்றன. கண்மாய்ப் பாசன விவசாயிகளை வைத்து தானம் அறக்கட்டளை நடத்தும் வயலகம் இன்னொரு வகை. சேமிப்பில் ஆண்கள் குழுக்கள் பெரிதாக நிலைக்கவில்லை. காரணத்தை உங்கள் ஊர் டீக்கடையில் கேட்டாலே சொல்வார்கள்.

தொழில் பழக எங்கே போவது?

ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் இருக்கிறது, ஒரு வங்கி அதை நடத்தும். சாப்பாடு, தங்குமிடத்தோடு பயிற்சி இலவசம். இதுவும் ஒரு கூட்டணியின் பிள்ளைதான்: 1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தர்மஸ்தலா அறக்கட்டளையும் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் சேர்ந்து தொடங்கியதைப் பார்த்துத்தான் நாடு முழுக்க வந்தது.

புதிதாகக் குழு தொடங்க முதலில் யாரைப் பார்க்க வேண்டும்?

முதலில் அதிகாரியைப் பார்க்காதீர்கள். ஒரே தெருவில், கிட்டத்தட்ட ஒரே நிலையில், கொடுக்கல் வாங்கலில் ஒருவரை ஒருவர் நம்பும் 12 பேர் இருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டு மாதம் நீங்களே சேமித்து, ஒரு நோட்டில் வரவு செலவு எழுதுங்கள். அப்புறம் உங்கள் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் சொல்லுங்கள். அது தூங்கிக்கொண்டிருந்தால் ஒன்றிய அலுவலகத்தில் உள்ள வட்டார இயக்க மேலாண்மை அலகுக்குப் போங்கள். அங்கேயும் நடக்காவிட்டால் கலெக்டர் அலுவலகத்தில் மகளிர் திட்டத்தின் திட்ட இயக்குநர் இருக்கிறார், திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாளில் மனு கொடுக்கலாம். ஏற்கெனவே எழுதிய நோட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். குழு அமைத்துத் தருகிறேன், கடன் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம்.